பசார் மாலாம் கிலுகிலுப்பை வாடை அடிக்குது, என்ன செய்யலாம்?

லயத்துப்பொண்ணு | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவுல, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம். நானும் வீட்டுக்காரரும் ஃபேக்டரி ஷிப்ட். அஞ்சு மாசப் பையனை மாமியார்தான் பார்த்துக்கிறாங்க, அவங்க இன்னும் பழைய லயத்து வீட்டுலதான் இருக்காங்க.

போன வாரம் பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, கடிக்கிற வளையம் ஒன்னும் கிலுகிலுப்பை ஒன்னும் வாங்கினேன். ரெண்டும் சேர்த்து 7 வெள்ளி 90 காசு. பையைப் பிரிச்சதும் புதுச் செருப்புக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி வாடை. கிலுகிலுப்பையில அவன் வாய் வச்ச இடத்துல சிவப்புப் பெயிண்ட் வெளுத்திருக்கு, நகத்தால சுரண்டினா செதில் செதிலா வருது. ரெண்டு நாளா பையன் சோர்ந்து கிடக்கான், பாலும் சரியா குடிக்கல. பொம்மையாலதானா?

மாமிகிட்ட கேட்டா, "வாடை பொம்மையோடது இல்ல, தொட்டில் சேலையில உள்ள பாச்சா உருண்டை வாடை, பெட்டியிலேர்ந்து இப்பதான் எடுத்தேன்"னு சொல்றாங்க. எனக்கோ மூக்கடைப்பு. ஒன்னும் பிரிச்சுத் தெரியல.

கடைக்காரர் மகன் | திங்கள், இரவு 9.25

சிஸ், பொம்மை அட்டையில எம்.சி. முத்திரை இருக்கா பாருங்க. 2009ல பொம்மைப் பாதுகாப்புக்குன்னு தனி விதிமுறை போட்டாங்க. 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மைக்கு அந்த முத்திரை இல்லாம விக்கக் கூடாது. எங்க அப்பா கடையில சப்ளையர்கிட்ட பேப்பர் கேட்டுத்தான் சரக்கு இறக்குவோம். ஆனா பசார் மாலாம்ல பாதி சாமானுக்கு அட்டையே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் பை. உங்களது எப்படி?

லயத்துப்பொண்ணு | திங்கள், இரவு 9.31

வெறும் பைதான் அண்ணே. வாத்துப் படம் போட்டு சீன எழுத்து.

வேதியியல் வாத்தியார் | திங்கள், இரவு 9.50

நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவன். அந்தச் செருப்புக்கடை வாடை பற்றிச் சொல்கிறேன்.

கடிக்கிற வளையம் மெத்தென்று இருந்தால் அநேகமாகப் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, நம் வீட்டுத் தண்ணிக் குழாய் அதுதான். அதை வளைய வைக்க தாலேட் வகை எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இல்லை, சும்மா ஊறிக்கிடக்கிறது. மாங்காய் ஊறுகாயை இரண்டு நாள் அசையாமல் வைத்தால் எண்ணெய் தானாக மேலே வந்து நிற்குமே, அப்படித்தான். குழந்தை மென்று சப்பினால் எச்சிலோடு வெளியே வரும். ஹார்மோன் வேலையில் இது தலையிடும் என்பதால் ஐரோப்பாவில் 2005லும் அமெரிக்காவில் 2008லும் சட்டம் போட்டு, டிஇஎச்பி உட்பட மூன்று தாலேட்டுகள் பொம்மையில் எடைக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் மோந்த வாடை தாலேட் வாடையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாலேட்டுக்குப் பெரிதாக வாடையே கிடையாது. வாடை இல்லாத பொம்மை நல்ல பொம்மை என்று யாரும் சொல்ல முடியாது.

பெயிண்ட்தான் எனக்குப் பெரிய கவலை. ஈயமாக இருக்கலாம். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகள் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்வார்கள். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிலுகிலுப்பையை இப்போதே எடுத்துவிடுங்கள், ஆனால் குப்பையில் போடாதீர்கள், கட்டி வையுங்கள். புகார் கொடுப்பதானால் உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் பொருளைக் காட்ட வேண்டியிருக்கும்.

செம்பனை மகன் | திங்கள், இரவு 10.07

வாத்தியாரே, பயம் காட்டாதீங்க. நாங்கள்லாம் கிலுகிலுப்பையா வச்சு விளையாடினோம்? களைக்கொல்லி வந்த டின்னைக் கழுவி அதுல தண்ணி புடிச்சுக் குளிச்ச கூட்டம் நாங்க. ஆயாக்கொட்டாய்ல, அதான் தோட்டத்துப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிற கொட்டகையில, தரையில கிடந்ததைப் பொறுக்கித் தின்னு வளந்தோம். இப்ப 48 வயசு, கல்லு மாதிரி இருக்கேன்.

வேதியியல் வாத்தியார் | திங்கள், இரவு 10.15

தம்பி, கல்லு மாதிரி இல்லாமல் போனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள். அந்த டின்னில் வந்த பாராகுவாட்டை நம் நாட்டில் முழுசாகத் தடை செய்ததே 2020 ஜனவரி 1இல்தான். 2002இல் தடை என்று அறிவித்து, 2006இல் தளர்த்தி, இவ்வளவு காலம் இழுத்தார்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா | திங்கள், இரவு 10.22

பால் போத்தல் நம்பரையும் பாருங்க மா. அடியில முக்கோணத்துக்குள்ள 7 போட்டிருந்தா பிபிஏங்கிற பிளாஸ்டிக் ரசாயனம் இருக்கலாம். பிபிஏ உள்ள பால் போத்தலை மார்ச் 2012லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க, ஆனா அக்கா பிள்ளைக்கு வாங்கினது, சித்தி கொடுத்ததுன்னு பழசு எத்தனை வீட்டுல ஓடுது. 5 போட்ட போத்தல்னா கவலை இல்ல.

பழைய டிரெஸ்ஸர் | திங்கள், இரவு 10.41

அம்மா, நான் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்தவன். பொம்மையை விடுங்கள். கேட்பதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்.

பிறந்தபோது ஜி6பிடி என்று ஏதாவது சொன்னார்களா?
அந்தச் சேலையில் எத்தனை நாளாகத் தூங்குகிறான்?
மூத்திரம் என்ன நிறம்?

லயத்துப்பொண்ணு | திங்கள், இரவு 10.46

ஆமா ஐயா, ஜி6பிடி இருக்குன்னாங்க. சில மாத்திரை ஆகாது, மொச்சை மாதிரி ஒரு கொட்டை ஆகாதுன்னு ஒரு தாள் கொடுத்தாங்க. அதெல்லாம் நாங்க கொடுக்கல. சேலையில வெள்ளிக்கிழமையிலேர்ந்து தூங்குறான். மாமிக்கு போன் போட்டேன். சாயங்காலம் மாத்தின பெம்பர்ஸ் தே-ஓ, அதான் பால் இல்லாத தேத்தண்ணி, கொட்டின மாதிரி இருந்துச்சாம். தண்ணி பத்தலன்னு நெனச்சாங்களாம்.

பழைய டிரெஸ்ஸர் | திங்கள், இரவு 10.48

பையனைத் தூக்கிக்கொண்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலை கிளினிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறதா, உள்ளங்கை வெளிறி இருக்கிறதா என்று போகிற வழியில் பாருங்கள். கவுண்டரில் முதல் வார்த்தையே "ஜி6பிடி பிள்ளை, ஊபாட் கெகாட்" என்று சொல்லுங்கள். சேலையைச் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். உடுப்பையும் மாற்றிவிடுங்கள். இரண்டு உருண்டையை மட்டும் பையில் கட்டி எடுத்துப் போங்கள், டாக்டருக்குக் காட்ட.

லயத்துப்பொண்ணு | திங்கள், இரவு 10.52

கெளம்பிட்டோம்

ரெண்டு பிள்ளை அம்மா | திங்கள், இரவு 11.30

கடவுளே. யாராவது அந்தப் பக்கம் இருக்கீங்களா? போய்ச் சேர்ந்தாங்களா?

செம்பனை மகன் | திங்கள், இரவு 11.44

ஐயா, பாச்சா உருண்டை வாடையிலயா இவ்வளவு? எங்க வீட்டுல துணி அலமாரி, கக்கூஸ், மீன் தொட்டி பக்கம்னு எல்லா இடத்துலயும் கெடக்கே.

பழைய டிரெஸ்ஸர் | செவ்வாய், காலை 5.40

தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. சாவகாசமாக எழுதுகிறேன்.

சிவப்பணுவைத் துருப்பிடிக்காமல் காக்கிற ஒரு நொதி ஜி6பிடி. அதைச் செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாடு ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம். நம் நாட்டில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். குறை இருந்தாலும் பிள்ளை மற்றப் பிள்ளைகள் போலவே வளரும், ஓடும், படிக்கும். சில பொருள் மட்டும் ஆகாது. அதில் முன்னால் நிற்பது நாப்தலின், அதாவது வெள்ளைப் பாச்சா உருண்டை. அது தண்ணீரில் கரையாது, வீட்டுச் சூட்டில் உருகாது, திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும். பெட்டிக்குள் ஆறு மாதம் கிடந்தால் உருண்டை தேய்ந்து சுண்டைக்காயாகி இருக்கும். குறைந்த பாகம் எங்கே போனது? துணிக்குள். அந்த ஆவி குழந்தை உடம்புக்குள் போனதும் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த இரத்தத்தின் நிறம்தான் தே-ஓ மூத்திரம்.

நம் வீட்டு வழக்கம் இன்னும் இரண்டு விதத்தில் அதைக் கூட்டுகிறது. ஒன்று தொட்டில். கட்டிலில் போர்வை மேலே கிடக்கும், முகத்துக்குக் காற்று வரும். சேலைத் தொட்டிலில் பிள்ளை துணிக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது, மூக்குக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. இரண்டாவது எண்ணெய். நாப்தலின் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த உடம்பு தோல் வழியாகவும் அதை இழுத்துக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அப்போது தொப்புள்கொடிச் சோதனை கிடையாது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பம் இல்லை.

கம்பத்துக்காரி | செவ்வாய், காலை 8.15

மன்னிக்கணும், ஒன்னு கேக்கணும். ஆளாளுக்கு பிளாஸ்டிக், ஈயம்னு பேசினோம். கடைசியில பாட்டி பெட்டிதான் ஆளைக் கவுத்துச்சு. இனிமே பழசு எல்லாமே விஷம்னு கெளம்பிடுவாங்களே? எங்க அம்மா விளக்கெண்ணெய் விளக்குல கரி புடிச்சு மை பண்ணி எங்க அஞ்சு பேருக்கும் வச்சாங்க.

வார்டு மிசி | செவ்வாய், காலை 8.50

அக்கா, நான் குழந்தைகள் வார்டுல தாதி. உங்க அம்மா மைக்கும் இப்ப கடையில விக்கிற மைக்கும் பேர் மட்டும்தான் ஒன்னு. வீட்டு மை கரி. அதுல ஈயம் இல்ல, கண்ணுல அழுக்கு போகும், கிருமி போகும், அவ்வளவுதான். ஆனா சுர்மா, காஜல்னு ஊருக்குப் போனவங்க வாங்கி வர்ற குட்டி டப்பாவுல சிலது கரியே இல்ல, பளபளன்னு அரைச்ச ஈய சல்ஃபைடு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாதிரி மையை அங்க விக்கவே விடறதில்ல. சில டப்பாவுல பாதிக்கு மேல ஈயம்தான். அதைக் கண்ணுல, நெத்தியில, கன்னத்துல வச்சா பிள்ளை கை வச்சுத் தேய்ச்சு வாயில போட்டுக்கும். கிலுகிலுப்பை பெயிண்டை விட மோசம்.

வாங்கித்தான் ஆகணும்னா டப்பாவுல 'நோட்' எழுத்துல ஆரம்பிக்கிற பதிவு எண் இருக்கா பாருங்க. இங்க விக்கிற அழகுசாதனப் பொருள் எல்லாத்துக்கும் அது இருக்கணும். லக்கேஜ்ல வந்த டப்பாவுல எங்க இருக்கும்?

அப்புறம் வேப்பெண்ணெய். சளிக்கு ஒரு சொட்டு நாக்குல வைக்கிற வீடு இன்னும் இருக்கு. வேப்பெண்ணெய் குடிச்ச கைக்குழந்தைங்களுக்கு வலிப்பு வந்து மூளையும் ஈரலும் பாதிச்சதை 1981ல லான்செட் இதழ்ல எழுதினதே நம்ம மலேசிய டாக்டருங்கதான். வெளிநாட்டுக் கதை இல்ல, நம்ம பிள்ளைங்க கதை.

கம்பத்துக்காரி | செவ்வாய், காலை 9.05

வேப்பெண்ணெய் எனக்கும் கொடுத்திருக்காங்க. சரி மிசி, மையில பாதி ஒத்துக்கிறேன். எங்க அம்மா மை மேல கை வைக்காதீங்க.

வார்டு மிசி | செவ்வாய், காலை 9.09

வைக்கல அக்கா 😄 கண்ணுக்குள்ள மட்டும் வேணாம், உள்ளங்கால்ல வைங்க, திருஷ்டிக்கு அது போதும். கற்பூர டப்பாவையும் கொஞ்சம் பாருங்க. சாமி மேடையில கல்கண்டு டப்பா பக்கத்துலயே இருக்கும். ஒரு வயசுப் பிள்ளைக்கு ரெண்டும் ஒன்னுதான். கற்பூரம் முழுங்கினா கொஞ்ச நேரத்துல வலிப்பு வந்துடும்.

கடைக்காரர் மகன் | செவ்வாய், மதியம் 1.20

பள்ளிக்கூட வாசல்ல இப்பவும் அந்த பலூன் டியூப் வருது. பல்விளக்குற பேஸ்ட் மாதிரி குட்டி டியூப், கூட ஒரு மஞ்சள் குழல். நுனியில உருட்டி வச்சு ஊதினா கண்ணாடி மாதிரி பலூன் வரும். நம்ம எல்லாரும் ஊதியிருக்கோம், அந்த இனிப்பு வாடை இன்னும் மூக்குல நிக்குது. வாத்தியாரே, அதுல என்னதான் இருக்கு?

வேதியியல் வாத்தியார் | செவ்வாய், பிற்பகல் 2.45

பாலிவினைல் அசிடேட் பசை. அதைக் கரைக்க அசிட்டோன் மாதிரிக் கரைப்பான், நகப்பூச்சு அழிக்கிற சாமான். ஊதுகிற பிள்ளை இடையில் மூச்சை உள்ளே இழுக்கும், அப்போது கரைப்பான் ஆவி நேரே நுரையீரலுக்கு. கனடாவில் இந்த வகை பலூனை விற்கவே தடை. சிலைம் விளையாட்டிலும் போராக்ஸ் இருக்கும், பிள்ளைகள் கை கழுவாமல் அப்படியே சோறு சாப்பிட உட்காருகிறார்கள்.

செம்பனை மகன் | செவ்வாய், பிற்பகல் 3.02

போராக்ஸா? 1988ல பேராக்ல மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டு 13 பிள்ளைங்க செத்தாங்களே, அதுவும் அதானே?

வேதியியல் வாத்தியார் | செவ்வாய், பிற்பகல் 3.30

லோ ஷீ ஃபான் சம்பவம். மீயில் போரிக் அமிலம் இருந்தது உண்மை. ஆனால் ஈரலைச் சிதைத்தது பூஞ்சையிலிருந்து வருகிற ஆஃப்லடாக்சின் என்றுதான் ஆய்வு போனது. சிலைம் பேச்சில் அதை இழுக்க வேண்டாம். இழுத்தால் நாளைக்குப் புலனத்தில் "சிலைம் தொட்டு 13 பேர் சாவு" என்று வந்து நிற்கும்.

செம்பனை மகன் | செவ்வாய், பிற்பகல் 3.34

சரி சரி. அந்தம்மாகிட்டேர்ந்து ஒரு சேதியும் காணோம்.

லயத்துப்பொண்ணு | புதன், மாலை 4.10

எல்லாருக்கும் நன்றி. பையன் நல்லா இருக்கான். இன்னும் வார்டுலதான் இருக்கோம்.

திங்கக்கிழமை ராத்திரி போனதும் டிரெஸ்ஸர் ஐயா சொன்ன மாதிரியே சொன்னேன். கவுண்டர்ல இருந்தவங்க உருண்டைப் பையை மோந்து பார்த்துட்டு நேரா உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரத்தம் (ஹீமோகுளோபின்) 6.2தான் இருந்துச்சாம். ராத்திரியே ரத்தம் ஏத்தினாங்க. ஊசி குத்தும்போதுகூட அழுவல, அதான் எனக்கு பயமாயிடுச்சு. நேத்து சாயங்காலம் பால் கேட்டு கத்தினான். இன்னிக்கு மூத்திரம் வெளுத்திடுச்சு.

இன்னொன்னு சொல்லணும். அந்தத் தாளை வீட்டுக்காரர் எடுத்துட்டு வந்தாரு. மலாய்ல, மூனாவது வரியிலயே "ஊபாட் கெகாட்"னு போட்டிருக்கு. நான் படிச்சிருக்கேன். படிச்சுட்டு, அந்துப்பூச்சிக்கு அடிக்கிற ஸ்ப்ரே போலன்னு நெனச்சு, வீட்டுல ஸ்ப்ரே அடிக்காதீங்கன்னு மாமிகிட்ட சொன்னேன். அவங்களும் அன்னிலேர்ந்து ஒரு கொசு மருந்துகூட அடிச்சதில்ல. கொசுவலைதான் கட்டினாங்க. பாச்சா உருண்டைக்கு மலாய்ல அதுதான் பேருன்னு எனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல.

மாமி வார்டு வாசல்ல உக்காந்து சாப்பிடவே இல்ல. அந்தச் சேலை அவங்க பிரசவத்துக்கு அவங்க அம்மா வாங்கிக் கொடுத்தது. என் வீட்டுக்காரரைப் போட்டு ஆட்டின சேலை.

பழைய டிரெஸ்ஸர் | புதன், மாலை 4.32

பையன் பாலுக்கு அழுதான் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியாரிடம் சொல்லுங்கள், அவர் மேல் குற்றம் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையால்தான் எனக்கே விளங்கியது. "பாச்சா உருண்டை வாடை" என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நாம் இன்னும் வாத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

வார்டு மிசி | புதன், மாலை 5.15

நானும் அந்தத் தாளை நூறு பேருக்குக் கொடுத்திருப்பேன். "ஃபஹாம்?" (புரிஞ்சுதா?)னு கேப்பேன், தலையாட்டுவாங்க. இனிமே கையால தமிழ்ல எழுதித் தர்றேன்: வெள்ளை உருண்டை, பாச்சா உருண்டை, அந்துருண்டை, கக்கூஸ்ல போடுற கலர் உருண்டை. உருண்டையையே ஒரு போட்டோ எடுத்து ஒட்டிடலாம்னும் இருக்கேன்.

கடைக்காரர் மகன் | புதன், மாலை 5.40

எங்க கடையில ரெண்டு மூனு வகை இருக்கு. சிலதுல நாப்தலின் இல்லன்னு போட்டிருக்கு. அது பரவாயில்லையா ஐயா?

வேதியியல் வாத்தியார் | புதன், மாலை 6.05

ஐயாவுக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் கற்பூர வகை. மூழ்கினால், அந்தத் தண்ணீரிலேயே உப்பைக் கரைய மறுக்கும்வரை போட்டுக் கலக்குங்கள். இப்போது மேலே வந்தால் நாப்தலின், அடியிலேயே கிடந்தால் பாராடைகுளோரோபென்சீன். வகுப்பில் செய்து காட்ட நல்ல சோதனை. ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம். மூன்றில் எதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டியதில்லை.

பழைய டிரெஸ்ஸர் | புதன், மாலை 6.20

துணியைத் துவைத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். பூச்சி வராது. பிள்ளை இருக்கிற வீட்டில் உருண்டையை ஒளித்து வைப்பதில் பலன் இல்லை, ஆவிக்குப் பூட்டு கிடையாது. வெளியே எடுத்துவிடுங்கள். ஏதாவது சந்தேகம் என்றால் பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள்.

கம்பத்துக்காரி | புதன், இரவு 8.48

சேலையை என்ன பண்ணப் போறீங்க மா? தூக்கிப் போட மனசு வராதே.

லயத்துப்பொண்ணு | ஞாயிறு, காலை 10.25

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆயிட்டோம். ரத்தம் 9.8.

சேலையை மூனு தடவை துவைச்சாச்சு. லயத்துக்குப் பின்னால கொடியில தொங்குது, பக்கத்துல போனா இன்னும் லேசா அடிக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. அதைத் தொட்டிலுக்குத் திரும்ப எடுக்கப் போறதில்ல. பெட்டியில இருந்த உருண்டை 14. மாமியே ஒவ்வொன்னா எண்ணி எடுத்தாங்க. கிலுகிலுப்பையையும் வளையத்தையும் அமைச்சு ஆபீஸ்ல கொடுத்திட்டு வந்தோம், புகார் ஃபாரம் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

எனக்கு இன்னும் மூக்கடைப்பு விடல. தொட்டிலுக்கு என்னோட பழைய பருத்திக் கைலி. மாமி அதைக் கட்டுறதுக்கு முன்னாடி நாலு மூலையும் மோந்து பார்த்துட்டு, மகன்கிட்ட நீட்டி அவரையும் மோந்து பார்க்கச் சொன்னாங்க.